லீசலுக்கு வைத்த கிரீடம்

என் கண்ணே,

நம் வீட்டு விடுதியில் தங்கும் விருந்தாளிகளுக்கு அருவிக்கும் ஏரிக்கும் நான்தான் வழி சொல்கிறேன். ஆனால் உன் அப்பா என்னைக் கோயிலுக்குக்கூடத் தனியே விடுவதில்லை.

இன்று மாடுகள் மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கின. சாவு விழுந்த வீட்டு மாட்டுக்கு மட்டும்தானே பூக்கிரீடம் வைக்கமாட்டோம்? மந்தைக்கு முன்னால் நடக்கும் நம் லீசலுக்கு உன் அப்பா கிரீடத்துக்குப் பதில் கறுப்பு ரிப்பன் கட்டிவிட்டார்.

"யாருடி செத்தது?" என்றாள் பக்கத்து வீட்டு ரோஸ்விதா. "உன் மக மலையேற வந்தவனைக் கட்டிக்கிட்டதுக்கா இந்தத் துக்கம்?"

"அவ எனக்குச் செத்தவதான்," என்றார் அப்பா.

உயிரோடிருக்கும் பிள்ளைக்குத் துக்கம் காத்தால் மாதா பொறுப்பாளா? ரிப்பனை அவிழ்த்தேன். செபமாலை சொல்லிக்கொண்டே ஒளித்துக் கட்டிவைத்திருந்த கிரீடத்தை எல்லோர் முன்பும் லீசலின் கொம்பில் வைத்தேன்.

வீடு திரும்பியதும் என்னை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். கடிதத்தை ஜன்னல் வழியே ஒரு விருந்தாளியிடம் தருகிறேன். பூட்டட்டும். நீ உயிரோடிருப்பது இப்போது ஊருக்கே தெரியும்.

உன் அம்மா