பென்சில் புள்ளிக்கு அடியில் என்ன மண்

ஒக்டோபர் 14, செவ்வாய்

டூரன் நகருக்குப் பக்கத்தில் களஞ்சியம் கட்டப் பார்த்த காணிக்கு முன்பணம் கொடுக்கப் போய், கொடுக்காமல் வந்துவிட்டேன். அது நிலநடுக்கம் வரக்கூடிய பகுதி. அடியில் என்ன மண் என்று தெரியாமல் கட்டிடம் எழுப்ப விடமாட்டார்கள்.

அக்காவின் மகள் யாழினி மண் பரிசோதிக்கும் பொறியியலாளர். காலையில் நிலவியல் வரைபடத்தை விரித்தாள். பழுப்பு நிறம் பாறை, மஞ்சள் ஆற்று வண்டல். வண்டலில் ஆட்டம் கூடுமாம். காணி இருக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். அது பழுப்பில் விழுந்ததும் எனக்குச் சந்தோசம்.

"மாமா, உங்கட புள்ளி காணியை விடப் பெரிசு. இதில ஒரு மில்லிமீற்றர் எண்டால் தரையில ஐம்பது மீற்றர். பக்கத்திலயே மஞ்சள் தொடங்குது. இதை வச்சு ஊகிக்கலாம், கட்ட ஏலாது. நிலத்தில துளை போட்டு மண்ணை எடுத்துப் பாக்கோணும்."

வண்டல் என்றாலும் பலமான அத்திவாரம் போட்டுக் கட்டலாம் என்றாள். அதுதான் எனக்குத் தெம்பு. முப்பது வருடமாக வாடகைக் கட்டிடத்தில் வியாபாரம் செய்கிறேன். இந்தக் காணியை விட மனமில்லை.

மஞ்சளை மட்டும் காட்டி விலையைக் குறைக்கலாம் என்று நினைத்தது உண்மை. ஆனால் துளை போட்டால் எல்லாம் வெளியே வரும். காணிக்காரர் செல்வம் அண்ணையிடம் உள்ளதைச் சொல்லி, துளை போட்டுப் பார்க்கக் கேட்டேன்.

"தம்பி, காணி வாங்க வந்தனியோ, கிணறு வெட்ட வந்தனியோ?" என்று சிரித்தார். பிறகு ஒத்துக்கொண்டார்.

துளைச் செலவு ஆளுக்குப் பாதி. பாறை வந்தால் அவர் கேட்ட விலை. வண்டல் வந்தால் அத்திவாரத்துக்குக் கூடும் செலவை விலையில் கழிப்பார்.