ஏணியிலிருந்து விழும் இடத்தில் ஒரு சிரிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? மோரீனையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நடுக்கடலில் இந்த எண்ணெய்க் கிணற்று மேடையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடல் காற்றுதான் விடாமல் அடிக்கிறது.

செவ்வாயன்று சாப்பாட்டுக் கூடத்து டிவியில் அந்தப் பழைய தபாலாபீஸ் தொடரை மறுபடி போட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் பெயின்ட் வாளியோடு ஏணியிலிருந்து விழும் பகுதி. கல்யாணத்துக்கு முன்னால் நீங்களும் அம்மாவும் பார்வையாளர்களாக அரங்கில் உட்கார்ந்திருந்தபோது எடுத்தது; பார்வையாளர்களின் சிரிப்பும் அதிலேயே பதிவாகியிருக்கிறது. மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகும் அம்மா மட்டும் விக்கி விக்கிச் சிரிப்பது தெளிவாகக் கேட்டது.

"யாருடா அந்தப் பொம்பள? காத்து புகுந்த பம்பு மாதிரி சிரிக்கிறா!" என்றான் என்னோடு வேலை செய்யும் டகீ.

"டேய் கேரத், பம்பு உன் வேலைதானே? போய் ரிப்பேர் பண்ணுடா!" என்றான் இன்னொருவன்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மோரீன் உங்களோடு சேர்ந்து வாழக் குடிவருகிறார் என்று வீட்டை ஒழித்தபோது இந்தப் பகுதியைப் பதிவு செய்து வைத்திருந்த வீடியோ கேசட்டையும் குப்பையில் போட்டீர்கள். செத்துப்போன அம்மாவின் குரல் நம்மிடம் இருந்தது அதில் மட்டும்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வியாழன் மாலை நாலு மணிக்கு அதே பகுதி மறுபடி வருகிறது. இங்கே பதிவு செய்ய வழியில்லை. நீங்கள் செய்து வையுங்கள். மோரீன் கேட்டால், பையனுக்குத் தொடர் பிடிக்கும் என்று சொன்னால் போதும்.

ஹெலிகாப்டர் வந்துவிட்டது, தபால் பையைக் கட்டுகிறார்கள். பதிவாகும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதில்லை. அம்மா சிரிப்பதைக் கேட்டால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.

கேரத்