ரோலு சாப்பிடும்போது பார்க்கக் கூடாது

இன்று காலை உன் கறுப்புத் துணியை வாளியில் நனைத்தேன். காய்ந்திருக்கும்வரை அதில் எந்த வாசனையும் இல்லை. நனைந்ததும் அந்தப் புளிப்பு நெடி எழுந்தது. படம் கழுவும் மருந்தின் நெடி. எத்தனை முறை துவைத்தும் நூலுக்குள் எங்கோ மிச்சம் இருக்கிறது. துணியைப் பிழியாமல் கொஞ்ச நேரம் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ரோலு மறுபடி இளைத்துவிட்டது. பாடியில் உன் வீட்டிலிருந்து அம்பத்தூரில் என் வீட்டுக்கு வந்த நாள் முதல் எதையும் தொடவில்லை. முதுகெலும்பு கூரை முகடுபோலத் துருத்திக்கொண்டு தெரிகிறது. முதன்முதலில் நீ அதை வாங்கி வந்தபோது இருந்த அதே கோலம்.

வெளிநாடு போன பக்கத்து வீட்டுக்காரர் விட்டுச் சென்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு. வனத்துறைப் பதிவு உன் பெயருக்கு மாறிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டாய். "பாம்புன்னா படையே நடுங்கும்பாங்க. இது இன்னா மாமே, நம்மளப் பாத்து நடுங்கிக்கினு கீது!" பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொண்டிருந்தது. பிலிம் சுருள்தான் உன் நினைவுக்கு வந்தது. பெயரும் ரோலு ஆயிற்று.

நல்ல மனதோடுதான் எல்லாம் செய்தோம். மீன் வளர்த்த பெரிய கண்ணாடித் தொட்டியைக் கூடத்தில், தெருச் சுவரை ஒட்டி, விளக்கடியில் வைத்தாய். வருகிறவர்களுக்கெல்லாம் கையில் எடுத்துக் காட்டினாய். நானும் ஆள் கூட்டி வந்தேன். சீக்கிரம் சதை போடட்டும் என்று பெரிய எலியாகப் போட்டோம். ஒருமுறை விழுங்கிவிட்டுக் கக்கியது. அதன் பிறகு எதைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீ கேமராவோடு ஒரு பக்கம், நான் மறுபக்கம், குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். வேலை பார்த்த காலமெல்லாம் பத்திரிகைக்காக, நீ படமெடுக்க நான் செய்தி எழுத, நாம் செய்ததும் அதுதானே.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். நோய் ஏதும் இல்லை என்றார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தோம்.

"சார், இது ஒளிஞ்சுக்கணும்னா எங்க போகும்?"

"நாலு பக்கமும் கண்ணாடி டாக்டர், பளிச்சுன்னு இருக்கும்" என்றாய், பெருமையாக.

"அதான் பிரச்சினை. உங்களக் கல்யாணப் பந்தல் நடுவுல தனியா உட்கார வெச்சு, ஊரே சுத்தி நின்னு சாப்பிடு சாப்பிடுன்னா உங்களுக்கு எறங்குமா?"

உள்ளே வெளிச்சம் புகாத சின்னப் பெட்டி வேண்டும் என்றார். உடம்பு உரசி நுழையும் அளவுக்கு இரண்டு பொந்துகள், ஒன்று இளஞ்சூட்டில், ஒன்று குளுமையில். சூடு மீறாமல் பார்க்க ஒரு கருவி, தண்ணீர்க் கிண்ணம். பழகும்வரை தொடவே வேண்டாம். பிறகு உறைய வைத்த சின்ன எலியாக, வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். "காஞ்ச வயித்த ஒரே நாள்ல நிரப்பப் பாக்காதீங்க" என்றார்.

பாடி பாலத்தடியில் லாரி திரும்பினால் உன் கூடத்துச் சுவரே அதிரும். அதிராத இடம் பின்பக்கத்தில் நீ படம் கழுவிய டார்க் ரூம்தான். டிஜிட்டல் கேமரா வந்த பின் நீ பூட்டியவன் அதைத் திறக்கவே இல்லை. ரோலுவுக்காகத் திறந்தாய். மருந்துத் தொட்டிகளை வெளியே எடுத்துப் போட்டு, அறையைக் கழுவி, நெடி போகும்வரை காற்றாட விட்டாய். கதவில் தொங்கிய கறுப்புத் துணி பெட்டிக்குத் திரையானது.

புது இடம் பழகிய பிறகு ஒரு நாள், எலியை வைத்துவிட்டுக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம்.

"ஒரு தபா எட்டிப் பாத்துட்டு வந்துர்றேன் மாமே."

"உக்காருடா."

"நீ இன்னா, அதுக்கு சம்பந்தி மாதிரி அதிகாரம் பண்றே?"

அப்போதுதான் உள்ளே 'தப்' என்று இரையைக் கவ்வுகிற சத்தம். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். நீ எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு நான் இல்லாத நாட்களில் உன் போன் வரும். ஒரே சொல். "துன்னுச்சு." வைத்துவிடுவாய். மெல்ல மெல்ல முதுகெலும்பு சதைக்குள் அமிழ்ந்தது.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் நீயும் முதலில் வந்த ரோலுபோல இளைத்துக் கிடந்தாய். கட்டிலைச் சுற்றி உறவுகள் நின்று, "ரெண்டு வாய்தான்" என்று கெஞ்சின. நீ என்னைப் பார்த்தாய். "என்னையும் அந்த டப்பால போட்டு மூடு மாமே." எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். வெகுநேரம் கழித்துக் கிண்ணத்தில் ஸ்பூன் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். பெட்டியும் சரியாக இருக்கிறது, சூடும் சரியாக இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் நானும் அதுவும்தான். காலையில் காப்பி போட்டதும் துணியைத் தூக்கிப் பார்க்கிறேன். பேப்பர் படித்துவிட்டுப் பார்க்கிறேன். சில நாள் பேசவும் செய்கிறேன். நான் துணைக்கு ஆள் தேடி எட்டிப் பார்ப்பது அதற்குத் தெரியுமா? அதற்கு நான் எட்டிப் பார்க்கும் ஒரு முகம், அவ்வளவுதான். தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாளியில் அந்த நெடி எழுந்தபோதுதான் உறைத்தது. அதைப் பட்டினி போடுவது என் தனிமைதான்.

துணி மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. பெட்டியை நான் புழங்காத பின்னறைக்கு மாற்றி, துணியைப் போட்டு மூடினேன். பிறகு எட்டிப் பார்க்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சின்ன எலி ஒன்றை வெதுவெதுப்பாக்கி உள்ளே வைத்துவிட்டு, வெளியே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஜன்னலில் வெளிச்சம் வடிந்தது. பின்பு 'தப்'.

கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் போனை எடுத்தது. உன் எண்ணை இன்னும் அழிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனை மடியில் கவிழ்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியின் பக்கம் தலையைத் திருப்பாமலே, உன் குரலில் சொல்லிப் பார்த்தேன்.

"துன்னுச்சு."