பக்கத்து நாற்காலி

அன்புத் தோழிக்கு,

விவாகரத்தாகி நீ சபையை விட்டுப் போனதும், போதகரின் மனைவி என்னைச் சபையின் மூத்த பெண் டெலோரிஸிடம் ஒப்படைத்தார். "இனியாவது புத்தியுள்ளவங்களோட சேரும்மா" என்றார். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

ஒருநாள் டெலோரிஸ், எல்லோரும் ஜெபிக்க வேண்டிய ஜெபக் குறிப்பு என்று சொல்லி உன் கதையை எடுத்தாள். நீ எந்த ஆளோடு, ஒமாஹா நகரில் எந்த மோட்டலில் தங்கினாய், ஒன்றையும் விடவில்லை. எல்லோரும் கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். என் நாக்கும் துறுதுறுத்தது.

நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில், நான் வாயெடுக்கும்போதெல்லாம் தொடையில் கிள்ளிக் கேட்பாயே, "இது ஜெபமாடி, வம்பாடி?" என்று. அன்று அதையே டெலோரிஸிடம் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

இப்போது என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அந்த நாற்காலியில் என் பனி ஜாக்கெட்டைப் போட்டு வைக்கிறேன். யாருக்கு என்று கேட்பவர்களிடம், "வந்துட்டிருக்கா" என்கிறேன்.

கிள்ள ஆளில்லாத,
உன் தோழி