ஆமாவா, இல்லையா

என் அன்புக்கு,

மனைவிக்கும் வீட்டில் பாதி உரிமை கேட்கும் என் மசோதா இன்று சட்டசபைக்கு வந்தது. நன்றாகத்தான் பேசினேன். எதிர்வரிசைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"வக்கீல் சார், உங்க சம்சாரம் உங்களோட இருக்காங்களா? ஆமாவா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

இருபது வருஷம் கோர்ட்டில் சாட்சிகளை நான் மடக்கிய வார்த்தைகள். பழக்கதோஷத்தில், "வாய்தா வேணும்" என்று கேட்டுவிட்டேன். சபையே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு நம் சாப்பாட்டு மேஜைதான் ஞாபகம் வந்தது. அங்கே உன்னையும் அப்படித்தானே கேட்பேன்? நீ வாய்தா கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

திங்கட்கிழமை வரை வாய்தா கிடைத்தது. அன்று சபையில் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

நீ விட்டுப்போன மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இதோடு அனுப்புகிறேன். ஒரு வார்த்தையில் எழுதாதே. பக்கம் பக்கமாக எழுது. குறுக்கே பேச மாட்டேன்.

இப்படிக்கு,
நம் வீட்டில் பாதிக்கு மட்டும் சொந்தக்காரன்