மேல் வீட்டு மீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டம் இல்லை. மழை நாளில் மூக்குக்கண்ணாடி வாங்க யார் வருவார்கள். ஒரே ஒருவர் வந்தார். நாங்கள் போட்டுக்கொடுத்த கண்ணாடியில் எதுவுமே தெரியவில்லை என்று சண்டை. வாங்கித் துடைத்துக் கொடுத்தேன். தெரிகிறதாம்.

வீட்டுக்கு வந்தால் கதவடியில் மின்சார பில். எப்போதும் வருவது கையகலத் துண்டு. இது மூன்று பக்கம். கடந்த மூன்று வருடமாக நாங்கள் குறைவாகக் கட்டியிருக்கிறோமாம், வித்தியாசத்தை இப்போது கட்ட வேண்டுமாம். தொகையைப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக்கோ வந்தது போல என்று பெயரைப் பார்த்தேன். என் பெயர்தான். என் நான்கு மாதச் சம்பளம்.

இவர் வந்ததும் காட்டினேன். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மனுஷர். பயந்தால் கால் தானாக பிரேக்கைத் தேடும். சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை ஓங்கி மிதித்தார். "தப்பா வந்திருக்கும். நமக்கு எப்பவும் கம்மியாத்தானே வரும்" என்றார்.

அதுதானே. வீட்டில் இவருடைய மீன் தொட்டிகள் ஏழு. ஏழுக்கும் மோட்டார், விளக்கு, தண்ணீரைச் சூடாக வைக்கிற கம்பி. அவ்வளவும் ஓடி இத்தனை குறைவாக வருகிறது என்றால் என் சாமர்த்தியம் என்ன லேசுப்பட்டதா? கடையில் எனக்கு வைத்திருக்கிற பெயரே சிக்கனம்.

மார்ச் 5, புதன்

எனக்கா பாக்கி? ஒரு விளக்கு வீணா எரிய விட்டிருப்பேனா நான்? பாத்ரூம்ல ஆள் இருக்கும்போதே அணைச்சிருக்கேனே.

மார்ச் 7, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு மின்சார அலுவலகம் போனேன். பழைய பில்களையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு, பேச வேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் டீயை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். பிறகு கணினியைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க கட்டடத்துல ரெண்டு மீட்டர் இருக்குல்ல? போன மாசம் சோதனைக்கு வந்த ஆள் குறிப்பு போட்டிருக்கார். வயர் மாறியிருக்கு. நீங்க மேல் வீட்டு கரன்ட்டுக்குக் கட்டிட்டிருக்கீங்க. அவங்க உங்களுதுக்கு."

மூன்று வருடத்துக்கு முன் சுவருக்கு வெள்ளையடிக்க மீட்டர்களைக் கழற்றி மாட்டினார்கள். அன்றைக்கு மாறியதாம்.

நான் விடவில்லை. கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றேன். திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறாராம். எழுந்திருக்கும்போதுதான் தோன்றியது. "அப்போ மேல் வீட்டுக்காரங்க கூடுதலா கட்டினது?"

"திருப்பிக் குடுப்போம். அவங்களுக்குக் கடிதம் போகும்."

"எப்போ?"

"அது வேற செக்‌ஷன்மா."

மார்ச் 10, திங்கள்

மேல் வீட்டில் இருப்பது ஓய்வு பெற்ற நர்ஸ். எல்லோருக்கும் மாடி அக்கா. தனி ஆள். அதிகம் பேச மாட்டார். சாயங்காலமானால் பால்கனியில் இருட்டில் உட்கார்ந்திருப்பார், விளக்கு கூடப் போடாமல். கொஞ்சம் கர்வம் என்று நினைத்திருந்தேன்.

மின்சாரக்காரர் வந்தபோது அக்கா வெளியே போயிருந்தார். மாடிப்படிக்குக் கீழே இரண்டு மீட்டர். இரண்டிலும் சிவப்புப் பொட்டு மின்னிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மெயினை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். எங்கள் எண் எழுதிய மீட்டர் நின்றுபோக வேண்டும் இல்லையா? அது பாட்டுக்கு மின்னியது. பக்கத்து மீட்டர், ஓட்டமாய் மின்னிக்கொண்டிருந்த அக்கா மீட்டர், பொட்டென்று நின்றது.

"இன்னொரு தடவ" என்றேன். இன்னொரு தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை கேட்கும்போது இவர் உள்ளேயிருந்து, "மீன் மூச்சு முட்டுதுடி" என்றார்.

மின்சாரக்காரர் அரை மணி நேரத்தில் வயரை மாற்றிச் சரிசெய்துவிட்டுப் போனார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் சாமர்த்தியம் மொத்தமும் மாடி அக்காவுடையது. நான் வெறுமனே பெருமை பேசியிருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லவில்லை. இவர், "லெட்டர் வந்தா அவங்களே தெரிஞ்சுக்கப்போறாங்க, நீ ஏன் முந்திக்கிற" என்கிறார். அதுவும் சரிதான் — இல்லையா?

மார்ச் 12, புதன்

படியில் எதிரே வந்தார். சிரித்தார். நான் மழையைப் பற்றிப் பேசினேன். மழையே பெய்யவில்லை.

மார்ச் 13, வியாழன்

போய்ச் சொல்லிவிட்டேன்.

அக்கா கதவைத் திறந்தபோது உள்ளே அரையிருட்டு. கூடத்தில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஜன்னலோரம் வெளிச்சம் விழுகிற இடத்தில் பாதி தைத்த தலையணை உறை. மின்விசிறி ஓடவில்லை. கையில் ஒரு அட்டை வைத்து விசிறிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தார். நான் குடித்துவிட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அக்காவின் கையில் அட்டை நின்றது. பிறகு மெதுவாக, "அப்போ என் பிரிட்ஜ் மேல தப்பில்லையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பில் பாத்துப் பாத்து பயந்துட்டேன்மா. பிரிட்ஜ்தான் இழுக்குதுன்னு ரிப்பேர்காரன மூணு தடவ கூப்பிட்டேன். வாஷிங் மெஷின தம்பி வீட்டுக்குக் குடுத்துட்டேன். ஒத்த ஆளுக்கு எப்படி இவ்வளவு வரும், ராத்திரி பூரா டிவி பாக்கறியான்னு அவன் கேட்டான். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. வயசாகுதே, எதையாவது போட்டுட்டு மறந்துடறோமோ, புத்தி கலங்குதோன்னு. நீ சொன்ன மாதிரி டிவி பிளக்கைக் கூட பிடுங்கி வெச்சேனே."

நான் சொன்னேனாம். ஒரு நாள் படியில் நிறுத்தி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பாடம் எடுத்தேனாம். நன்றாக எடுத்திருப்பேன்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய்க் கூடத்து விளக்கைப் போட்டார். மின்விசிறியைப் போட்டார். சமையலறை, படுக்கையறை, பால்கனி — ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார். டிவியில் யாரோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தார்.

"புத்திக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு. அது போதும் எனக்கு" என்றார். அப்புறம் சிரித்தார். அவர் சிரிப்பது கீழே எங்கள் வீடு வரை கேட்டதாம், இவர் சொன்னார்.

மார்ச் 17, திங்கள்

தவணையாகக் கட்ட அனுமதி கொடுத்துவிட்டார்கள். பழைய பாக்கி ஒரு பக்கம், இனிமேல் வரப்போகும் எங்கள் நிஜ பில் இன்னொரு பக்கம். இவர் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வித்துடலாம்" என்றார். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் மனசு மாறியிருக்கும்.

மார்ச் 19, புதன்

மாறவில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வாராம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மீன் கடைக்காரர் காலையில் வண்டியோடு வந்துவிட்டார். ஒவ்வொரு தொட்டியாக விலை சொன்னார், எல்லாம் அடிமாட்டு விலை. இவர் எதற்கும் பேரம் பேசவில்லை. "இது கூச்சப்படும், வெளிச்சத்துல வெக்காதீங்க. அது பக்கத்துல எதையும் விடாதீங்க, கடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைக்காரர் கொட்டாவி விட்டார்.

முதல் தொட்டியைக் காலி செய்ய வாளியை எடுக்கும்போது மாடி அக்கா இறங்கி வந்தார், கையில் கடிதம்.

"இத கொஞ்சம் படிச்சு சொல்லு. பணம் தர மாட்டாங்களா?"

படித்தேன். கூடுதலாகக் கட்டியதைக் கையில் தர மாட்டார்களாம். அக்கா கணக்கில் வரவு வைத்து, இனி வரும் பில்களில் கழித்துக்கொள்வார்களாம்.

"நான் கட்டுற பில்லுக்கு இது தீரணும்னா நான் இன்னொரு தடவ பொறந்து வரணும்" என்றார். அப்போதுதான் வாளியைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். "தம்பி, எங்க போகுது இதெல்லாம்?"

இவர் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன்.

"என் கூடம் சும்மாத்தானே கிடக்கு. மேல கொண்டு வந்து வைங்க."

"அய்யோ அக்கா, அது உங்க பணம்" என்றேன்.

"மூணு வருஷமா உங்க மீனுக்குத்தான் கட்டியிருக்கேன். நான் கண்ணால பாக்க வேண்டாமா?"

கடைக்காரருக்கு டீயும் வண்டிக் கூலியும் கொடுத்து அனுப்பினோம். வாங்கிக்கொண்டு முனகிக்கொண்டே போனார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இடுப்பு போச்சு. தண்ணீரை வாளி வாளியாக இறைத்து, ஆறு தொட்டியைப் படியேற்றி, மறுபடி வாளி வாளியாக நிரப்பி. அக்கா நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்து வார்டை நடத்துவது போல நடத்தினார். "பொறுமையா தூக்குங்க. பதறினா அவங்களும் பதறுவாங்க." மீன்களுக்கு மரியாதை, எங்களுக்குத்தான் அதட்டல்.

விளக்கு போட்டதும் கூடம் முழுக்கப் பச்சையும் நீலமுமாக அசைந்தது. அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

மே 9, வெள்ளி

வீடு அமைதியாக இருக்கிறது. இவர் வேலை விட்டு வந்ததும் மேலே போய்விடுகிறார்; சாப்பிடக் கூப்பிட நான் படியேற வேண்டியிருக்கிறது. போனால் நானும் உடனே இறங்குவதில்லை. அக்கா தம்பி நேற்று வந்திருந்தார். வாஷிங் மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தொட்டி முன்னால் நின்று, "இதுக்கெல்லாம் கரன்ட் பில் யாரு கட்டுறது?" என்று கேட்டார். "நான்தான் முன்னாலயே கட்டிட்டேனே" என்றார் அக்கா, கண்ணை மீனிலிருந்து எடுக்காமல்.

இன்று இரண்டு வீட்டுக்கும் பில் வந்தது. எங்களுடையது ஏறியிருக்கிறது, ஆனால் தாங்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா மேல்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்குக் கட்ட வேண்டியது ஒண்ணுமில்லையாம். வரவும் அப்படியே நிறைய மிச்சம் கிடக்கு. இன்னும் ரெண்டு தொட்டி தாங்கும்போல. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதே, ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடுவார்."

சரி என்றேன். சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் இவர் வந்ததும், ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்குப் போய் வரலாமா, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் கேட்டேன்.