களப்பயண வண்டி இரண்டு நாள் தாமதமாகத் திரும்பியது குறித்து

அனுப்புநர்:
முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி (பதிவு எண் 17),
நிலவியல் துறை,
மகளிர் விடுதி, அறை 34.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம், முதல் தளம்.

பொருள்: துறை வாகன ஓட்டுநரின் பணிமாற்ற ஆணையை ரத்து செய்யக் கோருதல் – தாமதத்தின் உண்மைக் காரணம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: சென்ற வியாழனன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட ஆணை.

மதிப்பிற்குரிய அம்மா,

1. வணக்கம். இது ஒரு புகார் மனு. புகார் என் மீதே என்பதால் எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தங்கள் அலுவலகத்தில் விசாரித்தேன். அப்படி ஒரு படிவம் இல்லை என்றார்கள். ஆகவே வெள்ளைத்தாளில் எழுதுகிறேன்.

2. ஒரு மலைத்தொடரின் பாறை அடுக்குகள் எப்படி மடிந்தன என்பது என் ஆய்வு. ஒவ்வோர் இடத்திலும் பாறையின் மேல் திசைகாட்டியை வைத்து, அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒருவர் எண்களைப் படிக்க வேண்டும். இன்னொருவர் எழுத வேண்டும். எழுத வேண்டிய என் தோழி முதல் நாளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். நான் கைபிசைந்து நின்றபோது ஓட்டுநர் அண்ணன் நோட்டை வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் துறை வண்டியை ஓட்டுபவர் அவர். மலையேறி எழுதித் தருவது அவருடைய வேலையே அல்ல. மூன்று நாளும் முகம் சுளிக்காமல் எழுதினார், அதுவும் என்னைவிட நல்ல கையெழுத்தில்.

3. மூன்றாம் நாள் மாலை, எல்லாம் முடிந்தது என்று நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, இந்த மலை நேராத்தானே போகுது? உங்க போன் வண்டியில சார்ஜ்ல கிடந்தப்ப ஒரு நம்பர் சொல்லியிருக்கீங்க, கழுத்துல தொங்கினப்ப வேற நம்பர் சொல்லியிருக்கீங்க."

4. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் போன் உறையின் மூடியில் காந்தம் இருக்கிறது. குனிந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது திசைகாட்டியின் முள்ளைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. இளநிலை முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. ஐந்தாண்டு படித்த நான் கோட்டை விட்டதை, திசைகாட்டியைத் தொட்டே பார்க்காதவர் பிடித்துவிட்டார். போன் கழுத்தில் தொங்கியபோது எடுத்த ஐம்பத்தெட்டு அளவுகள் பாழ். அப்படியே ஊர் திரும்பியிருந்தால் பொய்யான ஒரு மலையை வரைந்து பட்டம் வாங்கியிருப்பேன்.

5. மறுநாள் காலை நாங்கள் திரும்பியிருக்க வேண்டும். அனுமதி கேட்கலாமென்றால் அந்தப் பகுதியில் போனுக்கு சிக்னல் இல்லை. நான் அழுதேன். அவர் வண்டியைத் திருப்பி முதல் பாறைக்கே கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு நாளில் ஐம்பத்தெட்டையும் மறுபடி எடுத்தோம். போனை அவர் வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். பழைய எண்களை அழிக்கவும் விடவில்லை. குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதினார்.

6. துறைக்குத் திரும்பியதும் தாமதம் ஏன் என்று பேராசிரியர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டு, தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். நானும் அதைத் திருத்தவில்லை. வெளியே வந்து ஏன் என்று கேட்டதற்கு, "நோட்டைக் கடைசிவரைக்கும் பார்த்தா நீங்க திருத்தினது தெரியும். ஆபீஸ்ல முதல் பக்கத்துத் தப்பைப் பார்த்ததோட நிறுத்திருவாங்கம்மா" என்றார். தங்கள் அலுவலகத்தைக் குறை சொல்வதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். முழு நோட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

7. அவரிடம் விளக்கம் கேட்டபோதும் அதே ஒற்றை வரியைத்தான் எழுதிக் கொடுத்தார் என்று இப்போதுதான் அறிந்தேன். வெள்ளிக்கிழமை முதல் அவர் பிரதான வாயிலில், வருவோர் போவோரின் பெயர் எழுதும் பதிவேட்டுடன் உட்கார்ந்திருக்கிறார். இன்று காலை என்னைப் பார்த்து, ஆய்வேடு எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தார்.

8. எனக்கு வண்டி தந்தது, நாள் ஒதுக்கியது எல்லாம் இந்தப் பல்கலைக்கழகம்தான். அந்த நன்றியை மறந்து இதை எழுதவில்லை. என் வாய்மொழித் தேர்வு இன்னும் பன்னிரண்டு நாளில் நடக்கவிருக்கிறது. மூன்றாம், நான்காம் பத்திகளை எடுத்துவிட்டால் எனக்கு நல்லது என்று தோழி சொன்னாள். எடுத்துவிட்டால் அவருக்காகச் சொல்ல எதுவும் மிஞ்சாது. மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

9. ஆகவே, பார்வையில் கண்ட ஆணையை ரத்து செய்து, வரும் திங்களன்று முதலாண்டு மாணவர்கள் புறப்படும் வண்டியை அவரே ஓட்ட அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தண்டனை யாருக்காவது தந்தே ஆகவேண்டுமென்றால் என் பதிவு எண் மேலே இருக்கிறது.

10. இப்படி ஒரு மனு வருவது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் கையிலிருந்து வாங்கிக் கிழித்திருப்பார். எனவே வழக்கமாக அனுப்பும் நகலை இந்த முறை அவருக்கு அனுப்ப வேண்டாம். வண்டிச் சாவியை மட்டும் அனுப்பினால் போதும்.

இடம்: நிலவியல் துறை ஆய்வுக்கூடம்
நாள்: மார்ச் 12

என்றும் நன்றியுடன்,
(கையொப்பம்)
பதிவு எண் 17

இணைப்பு: களக் குறிப்பேட்டின் நகல், 46 பக்கங்கள். நல்ல கையெழுத்தில் இருப்பவை ஓட்டுநர் எழுதியவை.